விஜிலாவின் டப்பா

"இது நம்ம டப்பா இல்லையே," என்றாள் சண்முகப்ரியா.

திங்கள்கிழமை மாலை ஆறரை. மில்லர்புரத்து வீட்டின் சமையல் மேடையில் கணவனின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தவள் அப்படியே நின்றாள். அவளுடைய மூன்றடுக்குக் கேரியர் இருந்தது. ஸ்பூன் இருந்தது. கூடவே, உள்ளங்கை அகலத்தில், வட்டமாக, கண்ணைப் பறிக்கும் பளபளப்பில் ஓர் எவர்சில்வர் டப்பாவும் இருந்தது.

"ஆபீஸ்ல குடுத்தாங்க," என்றான் சிவபாலன், சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி. "நான் தின்னுட்டேன். உனக்குன்னு கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். தின்னு பாரு."

திறந்தாள். வட்டலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து, தொட்டால் நடுங்குகிற பதத்தில். ஒரு விள்ளல் வாயில் போட்டாள்.

நாக்கு சொன்னது: அடேயப்பா!

மனசு கேட்டது: யாரு?

மூடியைத் திருப்பினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்துகள் அவளைப் பார்த்துச் சிரித்தன.

வெ. விஜிலா.

"யாருங்க விஜிலா?"

பொத்தான் கழற்றிய விரல்கள் நின்றன. ஒரே ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியை சண்முகப்ரியா எடுத்து மனசுக்குள் பத்திரப்படுத்தினாள்.

"அதான் டப்பாலயே எழுதிருக்குல்லா," என்றான்.

"எழுதிருக்கு. யாருன்னு கேட்டேன்."

"டப்பாக்காரங்க," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்: "வட்டலப்பம் எப்படி இருந்துது?"

தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே பதில் வந்தது. "நல்லாருந்துது!"

நல்லாருந்துதாம்!

கல்யாணமாகிப் பதினோரு வருடம். இந்த வீட்டில் அவள் சமையலுக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு, "ம்". மிக விசேஷமான நாட்களில், "ம், போதும்". அவளும் அதற்கு மேல் எதிர்பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. திங்கள் சாம்பார், செவ்வாய் புளிக்குழம்பு, புதன் ரசம், வியாழன் மறுபடி சாம்பார், வெள்ளி மோர்க்குழம்பு, சனி எலுமிச்சைச் சோறு. ஓரம் மஞ்சளாகிவிட்ட அந்தத் தாள் ஒட்டி ஏழு வருடம் ஆகிறது. "ஒருநாளாச்சும் மாத்திச் செய்யேன்," என்று அவன் எப்போதாவது முனகினால், "நாக்கு நீளாம இருந்தா ஆயுசு நீளும்," என்பாள். அவன் ஆசையாக வாங்கித் தந்த ஓவன் மூன்று வருடமாகச் சமையலறை மூலையில் வெங்காயக் கூடையாகப் பணிபுரிந்து வந்தது.

அந்தத் தாளைத்தான் உலகம் என்று நினைத்திருந்தாள். இப்போது உலகத்துக்குள் ஒரு டப்பா வந்துவிட்டது.

மறுபடி கேட்க வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். கேட்டால் தோற்றதாகிவிடும்.

ஆனால் டப்பாவைத் திருப்பித் தர வேண்டும். வெறும் டப்பாவைத் திருப்பித் தருகிற வழக்கம் அவள் பிறந்த கொற்கையிலும் கிடையாது, வாழ்க்கைப்பட்ட தூத்துக்குடியிலும் கிடையாது. ஏதாவது போட்டுத்தான் தர வேண்டும். தாளைப் பார்த்தாள்.

நாளை புளிக்குழம்பு. அவரைக்காய்.

வட்டலப்பத்துக்குப் பதில் அவரைக்காயா?

"விஜிலா சிரிப்பா," என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னாள்.

* * *

செவ்வாய்க்கிழமை காலை மூன்று தேங்காய் உடைந்தது. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, இஞ்சி. மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற சொதி. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. ஒரு சின்ன டப்பாவுக்காக மட்டும் சொதி வைக்க முடியாதே, பானை நிறைய வைத்தாள். சிவபாலனின் கேரியரும் நிரம்பியது.

"இன்னைக்குப் புளிக்குழம்புல்லா?" என்றான் அவன், தாளைப் பார்த்து.

"பேசாம கொண்டு போங்க."

வாசலில் வண்டியை எடுக்கும்போது அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தேவகனி அக்கா அதைக் கவனித்தாள். தேவகனி அக்கா கவனிக்காதது அந்தத் தெருவில் எதுவும் இல்லை.

"என்னளா, உன் வீட்டுக்காரர் பாட்டெல்லாம் படிக்காரு?"

சண்முகப்ரியா விஷயத்தைச் சொன்னாள். பாதிதான் சொன்னாள். மீதியை அக்காவே சேர்த்துக்கொண்டாள்.

"ஏளா, டப்பா தானா நடந்து வராது. முன்னால டப்பா வரும், பின்னால ஆளு வரும். அந்த டப்பா எப்படி இருக்கு?"

"பளபளன்னு இருக்குக்கா. மூஞ்சி பாக்கலாம்."

"அப்படின்னா சாதாரணப் பொம்பளை இல்ல. எதப் போட்டு வெளக்குதாளோ!"

அன்று மத்தியானம் சண்முகப்ரியா வீட்டிலிருந்த அத்தனை பாத்திரங்களையும் இறக்கிப் போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். 'கொற்கை வாழை விவசாயிகள்' என்று வெட்டிய குடம், 'தாய்மாமன் வன்னியபெருமாள்' என்று வெட்டிய அண்டா, 'நண்பர்கள், துறைமுகம்' என்று வெட்டிய இட்லிச் சட்டி. தோள்பட்டை கழன்றது. எதுவும் விஜிலா அளவுக்கு மின்னவில்லை.

மாலை டப்பா திரும்பி வந்தது. நிரம்பித்தான் வந்தது. இடியாப்பத்தை உதிர்த்து, கறி போட்டுத் தாளித்த பிரியாணி.

"சொதி என்ன சொன்னாங்க?" என்றாள், குரலில் அக்கறையே இல்லாதது போல.

"நல்லாருந்துதாம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல." சிவபாலன் செருப்பைக் கழற்றினான். "தேங்காய்ப்பால்தான் கொஞ்சம் தண்ணியோன்னு கேட்டாங்க."

தண்ணியா!

மூன்று தேங்காய்!

* * *

புதன்கிழமை. தாளின்படி ரசம். விடிந்ததும் விடியாததுமாக மீன் ஏலக் கூடத்தில் நின்றாள். அவள் கால் அங்கே பட்டு நாலு வருடம் இருக்கும்.

"என்ன தாயி, வீட்ல விசேஷமா?" என்றாள் மீன்காரி.

"விசேஷம்லாம் இல்ல. நாலு பேரு கண்ணுல விரலை விட்டு ஆட்டுற மாதிரி ஒரு விளமீன் குடு."

அம்மியில் அரைத்த மசாலா. மண்சட்டிக் குழம்பு. தேங்காய் எண்ணெயில் வறுத்த துண்டுகள். குழம்பின் கெட்டியில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. தண்ணியாம் தண்ணி!

சிவபாலன் அன்று பாட்டை முணுமுணுக்கவில்லை. வாய்விட்டே பாடினான்.

மாலை டப்பாவைத் திறந்தாள். சதுரம் சதுரமாக வெட்டிய தம்மடை. ரவையும் நெய்யும் முட்டையும் முந்திரியும் போட்டு, மேல் பக்கம் பொன்னிறமாக, அடிப்பக்கம் கருகாமல், அச்சில் வார்த்தது போல வெந்திருந்தது.

"இது அடுப்புல செஞ்சது இல்ல," என்றாள் மெதுவாக.

"ஓவன்லதான் செய்வாங்க போல. அதுக்கெல்லாம் ஒரு கை வேணும்ல?" என்றான் சிவபாலன், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

கை!

சண்முகப்ரியா விறுவிறுவென்று திரும்பினாள். மூலைக்குப் போனாள். ஓவனைத் திறந்தாள். ஆறு கிலோ வெங்காயம், இரண்டு எண்ணெய் பாட்டில், காணாமல் போனதாக நினைத்திருந்த ஒரு பூரிக்கட்டை, எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டாள்.

போர் பேக்கிங்குக்கு நகர்ந்தது.

* * *

வியாழக்கிழமை கேக்.

கைப்பேசியில் பார்த்து, அளந்து, கலக்கி, உள்ளே வைத்தாள். இருபதாவது நிமிடம் கேக் எழும்பியது. சண்முகப்ரியா கைதட்டினாள். இருபத்தைந்தாவது நிமிடம் ஆர்வம் தாங்காமல் கதவைத் திறந்து பார்த்தாள். கேக் ஒரு பெருமூச்சு விட்டு, நடுவில் உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சுவருக்கு மேலே தேவகனி அக்காவின் தலை தெரிந்தது. "என்ன கேக் சுத்தி ஒசந்திருக்கு, நடுவுல குழியா இருக்கு? மிதிச்சிட்டியா?"

"பேசாம இருங்கக்கா. மணி எட்டேகால். டப்பாவ வெறுமனே அனுப்ப முடியாது."

பள்ளத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றினாள். சீனி தூவினாள். வறுத்த முந்திரியால் மூடினாள். புட்டிங் என்று பெயர் வைத்தாள். சிவபாலனின் கேரியரில் அதில் பாதியும், குற்ற உணர்ச்சிக்கு நெய்ச்சோறும் கத்தரிக்காய்த் தொக்கும் வைத்தாள்.

மாலையில் செய்தி வந்தது.

"மொத தடவைக்குப் பரவாயில்லையாம்."

அது மொத தடவை என்று விஜிலாவுக்கு யார் சொன்னது? அப்படியென்றால் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். வேலையைப் பற்றி அல்ல. அவளைப் பற்றி. அவள் ஓவனைப் பற்றி. அவள் வெங்காயத்தைப் பற்றி!

அன்று டப்பாவில் வந்த முட்டைமாவு முறுக்கை அவள் தொடவில்லை. சிவபாலன் பக்கத்து அறைக்குப் போனதும் இரண்டு மட்டும் தின்றாள். மொறுமொறுவென்று இருந்தது. அழுகையாக வந்தது.

மனிதனுக்கு நல்ல வழி தீர்ந்துபோனால் கெட்ட வழி தெரியும். சண்முகப்ரியாவுக்கு அந்த வழி காந்தாரி மிளகாயாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பருப்பு உருண்டைக் குழம்பு. இரண்டு சட்டிகள். ஒரு சட்டி கணவனுக்கு. மறு சட்டி டப்பாவுக்கு. டப்பாச் சட்டியில் ஒரு கைப்பிடி காந்தாரி அரைத்துக் கலந்தாள். அரைக்கும்போதே மூன்று முறை தும்மினாள். டப்பாவை மூடி, விஜிலா என்ற பெயரைத் தட்டிக்கொடுத்தாள். "தின்னு தாயி. நல்லா தின்னு."

மாலையில் சிவபாலன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன. உதடு வீங்கியிருந்தது. நேராகப் பானைக்குப் போய் நாலு செம்பு தண்ணீர் குடித்தான்.

"என்னங்க ஆச்சு?"

"ஆர்பர்ல வெயிலு," என்றான். குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "மோர் இருக்கா?"

"குழம்பு… அவிய சாப்பிட்டாகளா?"

"காரம் சூப்பராம்." ஐந்தாவது செம்பு. "இந்தா."

டப்பாவில் அன்று பலகாரம் இல்லை. ஒரு பிடி சீனி மட்டும் இருந்தது.

"என்ன இது?"

"இவ்வளவு காரத்துக்கு அப்புறம் வாய் இனிப்பு கேக்குதாம். தூத்துக்குடிக்காரிக்கு மக்ரூன் போட வருமான்னு கேட்டாங்க. வரலேன்னா பரவாயில்ல, கடையில வாங்கிக்கிடுதாங்களாம்."

சண்முகப்ரியா டப்பாவை மேடையில் வைத்தாள். சத்தமில்லாமல் வைத்தாள். அந்த அமைதியைப் பார்த்து சிவபாலனே இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

"நாளைக்கு நீங்க டப்பா கொண்டு போக வேண்டாம்," என்றாள். "நானே கொண்டு வாரேன்."

"நீயா? எதுக்கு?"

"டப்பாக்காரங்களப் பாக்க."

* * *

சனிக்கிழமை காலை அவன் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னாலேயே ஆபீசுக்கு ஓடினான். சண்முகப்ரியா அதையும் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

மக்ரூன் லேசுப்பட்ட சாமான் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, நுரை மலையாக நிற்கும் வரை அடித்து, சீனியும் முந்திரித் தூளும் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் காய வைக்க வேண்டும். கடல் காற்றில் ஈரம் இருந்தால் கூம்பு அப்பளமாகும். முதல் தட்டு அப்பளமானது. இரண்டாம் தட்டு அடையானது. மேடையில் பதினெட்டு மஞ்சள்கருக்கள் அவளை வெறித்துப் பார்த்தன. ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். வியர்வை வழிய மறுபடி அடித்தாள். அடிக்கிற ஒவ்வொரு அடியும் விஜிலாவுக்கு.

மூன்றாவது தட்டு எழுந்தது. வெள்ளை வெளேரென்று, உச்சி கூராக, உப்பளத்து உப்புக் குவியல்கள் போல வரிசையாக நின்றது. ஒன்றைக் கடித்தாள். நொறுங்கியது. கரைந்தது.

சண்முகப்ரியா கண்ணாடி முன் நின்று பட்டுச் சேலை கட்டினாள்.

ஹார்பர் ரோட்டில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருந்தது, துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் சிவபாலனின் க்ளியரிங் ஆபீஸ். மத்தியானம் பன்னிரண்டரை. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

நாலு மேசை. நாலிலும் மீசை.

"விஜிலா யாரு?" என்றாள்.

நாலு தலைகளும் நிமிர்ந்தன. சிவபாலன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"விஜிலாவா? இங்கன அப்படி யாரும்…" என்று ஆரம்பித்தான் கடைசி மேசை அஃப்ஸல். காயல்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன்.

"அஃப்ஸல்!" என்றான் சிவபாலன்.

அஃப்ஸல் ஒரு முறை விழுங்கினான். "…ஆமாக்கா. டப்பா. எங்க வீட்டு டப்பாதான்."

"உங்க வீட்டு டப்பாவா? அப்ப வட்டலப்பம்?"

"எங்க வீட்ல நுஸ்ரத் செஞ்சது. தம்மடை, பிரியாணி, எல்லாம் அவதான். நான் கொண்டு வந்தத அண்ணனுக்குக் குடுத்தேன். நீங்க குடுத்து விட்டத நான் தின்னேன். அந்தச் சொதி இருக்கே, மாஷா அல்லாஹ்!"

"தண்ணியா இருந்துதுன்னு சொன்னீங்களாமே?"

"நானா?" அஃப்ஸல் சிவபாலனைப் பார்த்தான். "…லேசா."

"நேத்துக் காரம்?"

"எனக்கு அல்சர்க்கா. அண்ணன் ஒத்தை ஆளாத் தின்னாங்க. டப்பாவ மிச்சம் வச்சா உங்க மனசு சங்கடப்படும்னு."

சண்முகப்ரியா கணவனின் உதட்டைப் பார்த்தாள். இன்னும் லேசாக வீங்கித்தான் இருந்தது. மனசுக்குள் ஏதோ ஒன்று இளகியது.

"அப்ப விஜிலா?"

"டப்பாலதானே பேரு இருக்கு?" என்றான் சிவபாலன், இப்போது துணிச்சலாக. "நம்ம வீட்டு அண்டாவுல வன்னியபெருமாள்னு இருக்கு. வன்னியபெருமாளா நம்ம வீட்ல சோறு பொங்குதாரு? எவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு எவங்க குடுத்ததோ! நீ மறுபடி கேட்டிருந்தா சொல்லிருப்பேன். நீதான் கேக்கவே இல்லையே."

உண்மைதான். கேட்கவே இல்லை. தோற்றுவிடுவோம் என்று பயந்து கேட்கவே இல்லை. ஒரு வாரமாக அவள் மல்லுக்கட்டியது ஒரு கல்யாண அன்பளிப்போடு!

அஃப்ஸல் அதற்குள் கைப்பேசியில் மனைவியை அழைத்து நீட்டினான்.

"அக்கா!" என்றது நுஸ்ரத்தின் குரல். "உங்களால எங்க வீட்ல ஒரு வாரமா சண்டை. பொழுதன்னைக்கும் சொதி, சொதின்னு இவங்க பேச்சு. எவ அவன்னு எனக்கு வயிறு எரிஞ்சு, அந்த எரிச்சல்லதான் தம்மடையே போட்டேன்!"

சண்முகப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கும்தான்மா! அந்த டப்பாவ என்னமா வெளக்குதீங்க, சொல்லுங்க!"

"டப்பாவா? எந்த டப்…"

வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. "சிக்னல் சரியில்லக்கா," என்று அஃப்ஸல் கைப்பேசியை வாங்கிக்கொண்டான்.

மக்ரூன் நாலு மேசைக்கும் பறந்தது. நாலு மீசையும் வெள்ளையானது. சிவபாலன் ஒன்றைக் கடித்து, கண்ணை மூடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "இந்த ஊர்ல உன்ன அடிச்சுக்க ஆள் இல்ல."

பதினோரு வருடத்து 'ம்'களும் அந்த ஒரு வரியில் கரைந்துபோயின. அஃப்ஸல் டப்பாவைத் துடைத்து அவள் கையிலேயே தந்தான். "திங்கக்கிழமை ஏதாச்சும் போட்டுக் குடுங்கக்கா."

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளைச் சண்முகப்ரியா தன் கையாலேயே கிழித்தாள். புதுத் தாளில் 'திங்கள்: இறால் தொக்கு' என்று எழுதினாள். ஓவனில் பிஸ்கட் வெந்துகொண்டிருந்தது. சிவபாலன் மக்ரூன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உலகத்திலேயே நிம்மதியான மனிதனாக நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

கைப்பேசி அடித்தது. வீடியோவில் கொற்கையிலிருந்து அம்மா சீனித்தாய்.

"அம்மாவா?" என்றான் சிவபாலன். சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். "அப்புறமாப் பேசலாமே."

"ஏன்? இந்தக் கூத்தச் சொல்லணும்லா!" கைப்பேசியை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு ஆரம்பித்தாள். வட்டலப்பம், சொதி, உட்கார்ந்த கேக், காந்தாரி, நாலு மீசை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிவபாலன் தட்டைக் கீழே வைத்தான். ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்தான்.

"ஒரு டப்பா என்னைய இந்தப் பாடு படுத்திட்டும்மா. அந்த விஜிலா யாருன்னு அஃப்ஸலுக்கே தெரியல. இந்தா பாரு!" டப்பாவைத் தூக்கிக் காட்டினாள். மூடியில் பெயர் மின்னியது.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏளா, இது உன் கல்யாணத்துக்கு உங்கப்பா கூட வேலை பாத்த வெள்ளத்துரை சார் சம்சாரம் விஜிலா குடுத்த டப்பால்லா! போன ஞாயித்துக்கிழமை வாழைத்தார் வாங்க வந்த மாப்பிள்ளை, 'அத்தே, பரண்ல உங்க மவளுக்குத் தெரியாத பொம்பளை பேரு வெட்டுன பாத்திரம் ஏதாச்சும் கெடக்கா'ன்னு கேட்டாவ, நான்தான் ஏணி போட்டு ஏறி எடுத்துக் குடுத்தேன்."